முன்வரிசை நாற்காலி

எங்கள் வீட்டுச் சுவரில் யாரோ ஒரு கெட்ட வார்த்தையைக் கரியால் எழுதிவிட்டுப் போனார்கள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்து சாமான்களைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். நிறம் கொஞ்சம் கறுப்பு, கும்பிடும் விதம் வேறு, பேச்சில் ஓர் இழுப்பு. அக்கரைக்காரர்கள் அந்தத் தெருவுக்கு வருவது ஒன்றும் புதிதில்லை. என் அம்மாவுக்கு முந்தைய தலைமுறை வரைக்கும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார்கள், பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும், பின்வாசல் வழியாக. வாடகைக்கு வீடு பிடித்து முன்வாசல் வழியாக வந்தது நாங்கள்தான் முதல். அது யாருக்கோ பொறுக்கவில்லை.

அந்த வார்த்தையைப் பார்த்து எங்களைவிட அதிகமாகக் கூனிக்குறுகிப் போனவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டு அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாய் வலிக்கத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சூட்டோடு சூடாக ஒரு குழு உண்டாயிற்று. 'ஒரே தெரு' என்று பெயர். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தலைவர். பள்ளிக்கூட டீச்சர் செயலாளர். யாரையும் ஒதுக்கக் கூடாது, எல்லோரும் ஒன்றாகக் கலந்து பழக வேண்டும் என்பது குழுவின் நோக்கம். முதல் வேலையாக எங்கள் சுவருக்கு வெள்ளையடிக்கத் திரண்டு வந்தார்கள். பேக்கரிக்காரர் ஏணி கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடியிருந்த தையல் அக்கா பழைய துணிகளைக் கிழித்துக் கொடுத்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, ஒரு பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். டீச்சர் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"ஐயோ மேடம், நீங்க எதுக்கு? நீங்க உட்காருங்க."

எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்தது. எங்கள் வீட்டுச் சுவரை ஊரே சேர்ந்து அடிக்க, என் அம்மா தெரு நடுவில் வெயிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கையில் பிரஷ் போய் ஜூஸ் டம்ளர் வந்திருந்தது.

"சொந்த வீட்டு வேலையையே ஷூட்டிங் பார்க்க வந்தவ மாதிரி பார்க்கிறியே, கொடுத்து வச்சவதான் நீ" என்றார் அப்பா.

அம்மா சிரித்தாள். அப்போதெல்லாம் அம்மாவுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளுடைய அம்மாவும் சித்தியும் அதே மாதிரித் தெருக்களில் கை மரத்துப் போகப் பாத்திரம் தேய்த்தவர்கள். அந்தத் தெருவில் அவளை நாற்காலி போட்டு உட்கார வைத்தால் கசக்குமா என்ன?

பிறகுதான் கசக்க ஆரம்பித்தது.

தெருக்கோடியில் ஒரு சமூகக்கூடம் இருந்தது. குழு அங்கே மாதம் ஒருமுறை பொதுச் சாப்பாடு போட்டது. எல்லாக் குடும்பமும் கலந்துகொள்ள வேண்டும். மேடைக்கு எதிரே முன்வரிசையில் எங்களுக்கு மூன்று நாற்காலிகள், மேலே வெள்ளைத் துணி விரித்து. நாங்கள் போய் உட்கார்ந்தால்தான் கூட்டமே ஆரம்பமாகும். தலைவர் மைக்கில், "நம்ம அக்கரைச் சொந்தங்கள்" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். எந்தத் தெருவிலாவது பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததற்கு மாதாமாதம் கை தட்டுவார்களா?

சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மேசைகளை மடிப்பார்கள். பெண்கள் கூடத்துக்குப் பின்னால் இருந்த சமையலறைக்குள் போய்விடுவார்கள். உள்ளே குழாய் திறந்திருக்கும், அண்டா உருளும், கரண்டிகள் விழும், அதற்கு மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தத் தெருவின் மொத்தக் கதையும் அங்கேதான் அலசப்பட்டது. யார் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், யார் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, டீச்சரின் நாத்தனார் போனில் என்ன ஆட்டம் ஆடினாள், எல்லாம். நாங்கள் மூன்று பேரும் காலியான கூடத்தில் வெள்ளைத் துணி மேல் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்போம். அம்மாவின் காது சமையலறைப் பக்கமே இருக்கும்.

அப்பா ஒருநாள் தப்பித்துக்கொண்டார். அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். சாப்பாட்டு நாளில் கூடத்து மோட்டார் நின்றுபோய், கை கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு மோட்டார்க் குழிக்குள் இறங்கிவிட்டார். தலைவர், "சார், சார், வேண்டாம் சார்" என்று மேலே நின்று கத்தியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. கரியும் சேறுமாக மேலே வந்தபோது தண்ணீர் வந்துவிட்டிருந்தது. பேக்கரிக்காரர் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "அண்ணே, பெரிய ஆளுண்ணே நீ" என்றார். அன்றைக்கு 'சார்' செத்து 'மோட்டார் அண்ணன்' பிறந்தார். அதற்கப்புறம் எங்கே எந்த மேசையைத் தூக்குவதென்றாலும், "மோட்டார் அண்ணே, அந்தப் பக்கம் புடிங்க" என்று குரல் வரும்.

அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கு ஒரு மோட்டார் கெடைச்சுது. எனக்கு எது கெடும்னு எதிர்பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது?"

"ஒரு பிளேட்டை உடைச்சுப் பாரேன். திட்டுவாங்க. திட்டிட்டாங்கன்னா நீ ஜெயிச்சுட்ட."

"அந்த டீச்சரா திட்டும்? உடைஞ்ச பிளேட்டுக்கு மாலை போடும்."

அம்மா சொன்னதில் பொய்யில்லை. அவளை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை. தெருவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் அக்கா, அண்ணி, ஏ புள்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மா மட்டும் மேடம். வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குச் சந்து ஓடியது. எல்லாச் சமையலறைக் கதவும் அதில்தான் திறக்கும். பெண்கள் தட்டாமல் கொள்ளாமல் அதன் வழியே ஒரு வீட்டுக்குள் நுழைந்து இன்னொரு வீட்டில் வெளியே வருவார்கள். தையல் அக்காவின் பின்கதவும் எங்கள் பின்கதவும் நேருக்கு நேர், நாலு எட்டு வைத்தால் வந்துவிடலாம். ஆனால் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முன்வாசல் மணியை அழுத்துவாள். அம்மா கதவைத் திறந்தால், "தொந்தரவு பண்ணிட்டேனா மேடம்?" என்பாள். அக்கரையிலிருந்து வந்தவர்களுக்கும் பின்வாசலுக்கும் இனிமேல் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது என்று குழுவில் முடிவு செய்திருந்தார்களாம். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஒரு தடவை அம்மா வீம்பாக எழுந்து போனாள். சாப்பாடு முடிந்த கையோடு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே யாரோ எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரே கும்மாளம். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. நடித்தவள் கையைக் கீழே போட்டாள். ஒருத்தி குழாயை மூடினாள். அம்மா தொட்டியில் கிடந்த ஒரு தட்டை எடுத்ததுதான் தாமதம், டீச்சர் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, ஈரக்கையைத் தன் துண்டாலேயே துடைத்துவிட்டாள்.

"மேடம், நீங்க போய் இதைத் தொடலாமா? எங்களுக்குப் பாவம் வந்து சேரும்."

டீச்சரின் கண் கலங்கியிருந்தது. வேஷம் இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அம்மா எதைச் சொல்லி அவளோடு சண்டை போடுவாள்? திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாய்ச் சத்தம் கேட்டது. சிரிப்பு அப்புறம்தான், மெதுவாகத் திரும்பி வந்தது.

இதைக் கேள்விப்பட்டு அப்பா தலைவரிடமே பேசிப் பார்த்தார். "அவளுக்கும் ரெண்டு பாத்திரம் குடுங்க சார், கழுவிட்டுப் போகட்டும். ஆசைப்படறா" என்றார்.

தலைவர் ஆடிப்போய்விட்டார். "என்ன அண்ணே சொல்றீங்க? அக்கரைக்காரங்களைக் கூட்டிட்டு வந்து பாத்திரம் கழுவ விட்டோம்னு பேர் வரவா இத்தனை பாடுபட்டோம்?"

அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள் பொறு. பழகப் பழகச் சரியாயிடும். ஒரு நாள் எவளாவது உன்கிட்ட கரண்டியைத் தூக்கிக் குடுப்பா பாரு."

அம்மா நம்பினாள். அப்பா சொன்னால் அவள் எதையும் நம்புவாள்.

அந்த மழைக்காலத்தில் பேக்கரிக்காரரின் அண்ணன் இறந்துபோனார். சேதி தெருக்கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் சந்து வழியாக அந்த வீட்டுச் சமையலறைக்குள் புகுந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தி அடுப்பு மூட்டினாள், ஒருத்தி குழந்தைகளைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள், தையல் அக்கா இறந்தவரின் மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டு வாயில் தண்ணீர் ஊற்றினாள். அம்மா எங்கள் பின்கதவு இடுக்கு வழியாக அவர்கள் சந்தில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் முன்வாசல் வழியாகப் போய், போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாள்.

"கொடுத்து வச்சவங்கடி இந்தத் தெருக்காரங்க. செத்த வீட்ல அந்தப் பொம்பளை அடுப்புப் பக்கமே திரும்பலை. திரும்ப விடலை" என்றாள் என்னிடம்.

அடுத்த கோடைக்குள் எங்கள் முறை வந்தது.

அப்பா எங்கேயோ ஒரு கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாராம். நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், என் அப்பாவுக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லை.

உச்சி வெயிலில் அப்பாவைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். பேக்கரிக்காரர்தான் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார். "மோட்டார் அண்ணே, மோட்டார் அண்ணே" என்று அவர் வாய்விட்டு அழுததைப் பார்த்துத்தான் எனக்கே அழுகை வந்தது. அம்மா அழவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவர் பாதத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் சொந்தக்காரர்கள் ஆற்றைக் கடந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். வீட்டில் நானும் அவளும்தான்.

"அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாளை எடுத்து விடு" என்றாள்.

எடுத்துவிட்டேன். கதவை விரியத் திறந்து, காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு வாளியை வேறு அண்டக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரொம்ப நேரம் யாரும் வரவில்லை. டீச்சர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அக்கரைக்காரர்கள் வீட்டுச் சாவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? அழலாமா? போனில் தேடிப் பார்த்தார்களாம். ஆளுக்கொன்று சொல்லியதாம். கடைசியில் டீச்சர், "நாமளா எதையும் செய்ய வேண்டாம். அவங்க வழக்கம் எதுவோ அதுக்கு மரியாதை குடுத்து அமைதியா உட்கார்ந்திருப்போம்" என்று சொல்லியிருக்கிறாள்.

வந்தார்கள். முன்வாசல் வழியாக, வரிசையாக, துவைத்த துணி உடுத்தி, செருப்புகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு. தலைவர் ஒரு பெரிய மலர் வளையத்தை அப்பாவின் மார்பில் வைத்தார். எல்லோரும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. டீ போடுவதற்காக எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நான் போறேன். நான் போனாதான் யாராவது பின்னாடி வருவாங்க" என்றாள் என் காதோடு.

அப்பாவின் காலடியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போனாள். நான் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியாவது எழுந்திருக்க மாட்டாளா? பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. தையல் அக்கா சட்டென்று முழங்காலை ஊன்றி எழுந்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"விடு. அது அவங்க வழக்கமா இருக்கும்."

தையல் அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். எதிரே அப்பா கிடக்கிறார். எந்த வார்த்தை வரும் எனக்கு?

அம்மா தட்டில் டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றாத குறையாக வைத்துக் குடித்தார்கள். பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். புருஷன் பிணத்தைச் சுற்றி வந்து அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். காலி டம்ளர்களையும் அவளே வாங்கிக்கொண்டாள். கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டபோதுதான் அம்மா அலறினாள்.

அதற்கு அடுத்த மாதப் பொதுச் சாப்பாட்டில் அப்பாவுக்கு அஞ்சலி வைத்தார்கள். நான் வரமாட்டேன் என்றேன். "உங்கப்பாவுக்காக வா" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். முன்வரிசையில் இப்போது இரண்டு நாற்காலிகள். வெள்ளைத் துணி புதிதாக இருந்தது.

தலைவர் அப்பாவைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். குழிக்குள் இறங்கியதையும் சொன்னார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அவர் இறந்த அன்னைக்கு நாங்க ஒரு பெரிய பாடம் கத்துக்கிட்டோம்" என்றார். "எவ்வளவு பெரிய துக்கத்திலயும் வீட்டுக்கு வந்தவங்களுக்குத் தன் கையால டீ போட்டுக் கொடுக்கிறது அக்கரைப் பெண்களோட பண்பாடு. அந்த உயர்ந்த வழக்கத்துல எங்களையும் சேர்த்துக்கிட்டீங்க. இனிமே நம்ம தெருவுக்கு அக்கரையிலேர்ந்து எத்தனை குடும்பம் வந்தாலும் இந்த வழக்கத்துக்கு நாம எல்லாரும் மரியாதை கொடுப்போம். அப்படித்தானே மேடம்?"

கூடமே அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. எழுந்து கத்திவிடலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க. எங்க வழக்கம்தான்" என்றாள்.

கை தட்டினார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். தையல் அக்காவின் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "எந்த ஊர்லம்மா இப்படி ஒரு வழக்கம்? தாலியறுத்தவ டீ போடுவாளா? ஏன் பொய் சொன்ன? அவங்க மூஞ்சிக்கு நேரா, நீங்க யாராவது எழுந்து வருவீங்கன்னுதான் போனேன்னு சொல்லியிருக்கணுமா இல்லையா?"

அம்மா நான் கத்தி ஓயும்வரை காத்திருந்தாள்.

"சொன்னா என்னடி ஆகும்? அந்தத் தையக்காரப் பொண்ணு எழுந்திரிச்சா. உள்ளே இருந்து நானும் பார்த்தேன். இதைச் சொன்னா அது ஜென்மத்துக்கும் தூங்காது. டீச்சர் அதைவிட. எல்லாருக்கும் அவமானமாப் போயிடும். அவமானப்பட்டவங்க யாராவது திரும்ப நம்ம வீட்டுப் படி ஏறுவாங்களா?"

"ஏறாட்டிப் போறாங்க!"

"நீ கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவ. உங்கப்பாவும் இல்லை. அப்புறம் நான் யார் முகத்தைப் பார்க்கிறது?" என்றாள் அம்மா. "முன்வாசல் வழியாவாவது வரட்டும்டி."

அப்பா செத்த அன்றைக்கு அழுது தீராத அழுகையை நான் அன்றைக்கு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே வாசலில் மணி அடித்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று சொல்லியபடி கதவைத் திறக்கப் போனாள்.